பொன்னாடை போர்த்தும் முன் கோப்பைத் திறந்து பாருங்கள்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும் ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும்,

வரும் நிறுவனர் நாள் விழாவில் "காப்புரிமை பெற்ற சாதனை ஆசிரியர்கள்" என்று நாற்பதுக்கும் மேற்பட்டோருக்குப் பொன்னாடையும் கேடயமும் ரொக்கப் பரிசும் வழங்கப்போவதாகப் பதிவாளர் அலுவலகச் சுற்றறிக்கை சொல்கிறது. நுழைவாயிலில் பேனரும் கட்டியாயிற்று. அந்தப் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. எடுத்துவிடும்படி எழுதிக் கேட்டேன். எழுத்தில் பதில் வரவில்லை, வராந்தாவில் வந்தது. "எல்லாருக்கும்தானே கொடுக்கறோம், நீங்க மட்டும் ஏன் சார் பிரச்சனை பண்றீங்க?" அதனால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

என்னிடம் காப்புரிமை எதுவும் இல்லை. போன ஆண்டு ஒரு விண்ணப்பம் போட்டேன். அது காப்புரிமை அலுவலகத்தின் இதழில் வெளியானது. பரிசோதகர் இன்னும் அதைத் தொடவில்லை. தொட்ட பிறகு நிற்குமா விழுமா என்று எனக்கே தெரியாது. இதைத்தான் நம் சுற்றறிக்கை "பெற்ற" என்கிறது. பட்டியலில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் நிலையும் இதுதான். ஜாதகம் கேட்டு வாங்கியதற்கே மொய் எழுதுகிறோம்.

ஆட்சிக்குழுவில் காப்புரிமை நடைமுறையோடு பழக்கமில்லாதவர்களும் இருப்பார்கள் என்பதால் இதைச் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து 18 மாதம் கழிந்தால் அது இதழில் வெளியாகும். அவ்வளவு நாள் பொறுக்க முடியாதென்றால் படிவம் 9 கொடுக்கலாம். ஏறத்தாழ ஒரு மாதத்தில் ஏதாவதொரு வெள்ளிக்கிழமை இதழில் வந்துவிடும். 2021இல் கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணத்தை 80 விழுக்காடு குறைத்தார்கள். விண்ணப்பத்துக்கு 1,600 ரூபாய், சீக்கிரம் வெளியிட 2,500 ரூபாய். ஆக 4,100 ரூபாய் கட்டினால், சொல்லியிருப்பது புதியதா, வேலை செய்யுமா என்று ஒருவரும் பார்க்காமலே "பேட்டன்ட் பப்ளிஷ் ஆகிடுச்சு" என்று வாட்ஸ்அப்பில் போட்டுக்கொள்ளலாம்.

உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான் வருகிறது. படிவம் 18, 4,000 ரூபாய். அதைக் கொடுத்தால்தான் பரிசோதகர் விண்ணப்பத்தைக் கையில் எடுப்பார். 2024 மார்ச் விதித் திருத்தத்துக்குப் பிறகு போட்ட விண்ணப்பமென்றால் 31 மாதத்துக்குள் கேட்க வேண்டும். முன்பு 48 மாதம் இருந்தது. கேட்காவிட்டால் விண்ணப்பதாரரே திரும்பப் பெற்றுக்கொண்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். கடந்த ஆண்டுகளில் நம் மேடையில் பொன்னாடை வாங்கிய விண்ணப்பங்களின் எண்களை அலுவலகத்தின் இணையத் தேடலில் போட்டுப் பார்த்தேன். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், கட்டணம் கிடையாது. பெரும்பாலானவற்றுக்குப் படிவம் 18 போகவே இல்லை. பழையவற்றில் பல, கெடு தாண்டிச் செத்துப்போயிருக்கின்றன. புகைப்படம் மட்டும் நம் இணையதளத்தின் முகப்பில் இருக்கிறது.

அந்த 4,000 ரூபாயை ஏன் கட்டவில்லை? காரணம் எளிது. பரிசோதகர் படித்தால் என்ன சொல்வார் என்று போட்டவர்களுக்கே தெரியும். தலைப்புகளைப் பாருங்கள்: "பிளாக்செயின் அடிப்படையிலான" ஏதோ ஒன்று, "ஐஓடி வழியே இயங்கும்" ஏதோ ஒன்று, "இயந்திரக் கற்றல் மூலம் கணிக்கும்" ஏதோ ஒன்று. வெறும் கணினி நிரலையும் கணக்கு முறையையும் கண்டுபிடிப்பாகக் கொள்ள முடியாது என்று 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு சொல்கிறது. முதல் பரிசோதனை அறிக்கையிலேயே அந்தப் பிரிவைக் காட்டுவார்கள். பதில் சொல்ல ஆறு மாதம் கிடைக்கும். பதில் சொல்ல வேண்டுமானால் அந்தக் கண்டுபிடிப்பு எப்படி வேலை செய்கிறது என்று யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

தெரியாது என்பதுதான் நிலைமை. பூச்சிமருந்து தெளிக்கும் ட்ரோன் ஒன்றின் கண்டுபிடிப்பாளர்களில் நம் ஆங்கிலத் துறை ஆசிரியர் ஒருவரும் இருக்கிறார். ஓய்வறையில் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்: "அது எப்படிப் பறக்கும்னு எனக்கும் தெரியாதுங்க சார். அப்ரைசலுக்கு ஒண்ணு வேணும்னாங்க, பேரு குடுத்தேன்." அவர் நல்ல ஆசிரியர். அவருடைய வகுப்புக்கு மற்றத் துறை மாணவர்களும் வந்து உட்கார்வார்கள். அதற்கு அவருக்கு இதுவரை ஒரு பொன்னாடையும் விழுந்ததில்லை.

அவரைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் "காப்புரிமை: குறைந்தது ஒன்று" என்ற வரியைச் சேர்த்தது நிர்வாகம். அந்த வரி வந்த மாதத்திலிருந்தே நம் துறை வாட்ஸ்அப் குழுக்களுக்கு, விண்ணப்பத்தில் கண்டுபிடிப்பாளர் இடத்தை விற்பவர்களின் விளம்பரங்கள் வரத் தொடங்கின. முதல் கண்டுபிடிப்பாளர் இடத்துக்கு ஒரு விலை, இரண்டாம் இடத்துக்கு ஒரு விலை, கடைசி இடத்துக்குத் தள்ளுபடி. தலைப்பு அவர்களே தருவார்கள், வரைபடம் அவர்களே போடுவார்கள். ஒரே விண்ணப்பத்தில் வெவ்வேறு மாநிலங்களைச் சேர்ந்த, ஒருவரையொருவர் பார்த்தே இராத பத்துப் பேர் "சேர்ந்து கண்டுபிடித்திருப்பார்கள்". இடம் வாங்கியவர்கள் தங்கள் கைக்காசைத்தான் கட்டினார்கள். சம்பளம் சொற்பமாக உள்ள தற்காலிக ஆசிரியர்களும் இதில் உண்டு. ஒருவர் நகை அடகு வைத்ததை நான் அறிவேன்.

வெளிநாட்டுச் சான்றிதழ்களின் கதை இன்னும் மோசம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் ஆராய்ச்சி மதிப்பெண் கணக்கு இருக்கிறது. உள்நாட்டுக் காப்புரிமைக்கு 7, சர்வதேசக் காப்புரிமைக்கு 10. மூன்று புள்ளி கூடுதல் என்றதும் சந்தை அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. ஆஸ்திரேலியாவில் "இன்னொவேஷன் பேட்டன்ட்" என்று ஒரு வகை இருந்தது. முழுமையான பரிசோதனை இல்லாமலே கையில் தாள் கிடைக்கும். 2021 ஆகஸ்டில் அந்நாடு புது விண்ணப்பங்களுக்கு அதை மூடிவிட்டது. அடுத்து பிரிட்டனின் வடிவமைப்புப் பதிவு. பொருளின் தோற்றத்துக்கு மட்டும் தரும் பதிவு அது. புதியதுதானா என்று அந்த அலுவலகம் தேடிப் பார்ப்பதில்லை. உள்ளே இயந்திரம் இருக்கிறதா என்பது அவர்களுக்குக் கவலையில்லை, கேட்கவும் மாட்டார்கள். தென்னாப்பிரிக்காவிலும் படிவம் சரியாக இருந்தால் போதும். 2021இல் ஒரு செயற்கை நுண்ணறிவு அமைப்பையே கண்டுபிடிப்பாளர் என்று எழுதிக் கொடுத்த விண்ணப்பத்துக்கு அங்கே காப்புரிமை வந்தது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அதே விண்ணப்பம் நிற்கவில்லை. இந்த வகைத் தாள்களெல்லாம் நம் பேனரில் "சர்வதேசக் காப்புரிமை" என்ற தலைப்பின்கீழ் வரிசையாக நிற்கின்றன.

தரவரிசைக்காக இதெல்லாம் வேண்டியிருக்கிறது என்று சொல்லப்படுகிறது. தேசியத் தரவரிசைக் கட்டமைப்பில் பொறியியல் பிரிவுக்கான கணக்கைப் பாருங்கள்: காப்புரிமைக்குரிய 15 மதிப்பெண்ணில் 10 வழங்கப்பட்டவற்றுக்கு, 5 வெளியானவற்றுக்கு. வெளியானவற்றுக்கு மதிப்பெண் வைத்ததே எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் அவர்கள்கூட இரண்டையும் பிரித்துத்தான் எண்ணுகிறார்கள். நம் சுற்றறிக்கை அந்த அளவுக்குக்கூடப் பிரிக்கவில்லை.

இப்போது அந்தப் பட்டியலில் இருக்கும் ஓர் உண்மையான காப்புரிமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சம்பந்தப்பட்டவரின் ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார்.

அவர் எங்கள் துறையில் எனக்கு மூத்தவர், அண்மையில் ஓய்வு பெற்றார். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் பழைய விசைத்தறிகள் ஓடுவதைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். அவற்றில் குறுக்கே ஓடும் ஊடை நூல் அறுந்தால் தறி தானே நின்றுவிடும். நீளவாக்கில் ஓடும் பாவு இழை அறுந்தால் பலவற்றில் நிற்காது. ஓர் ஆள் பல தறிகளைப் பார்க்கிறார். அறுந்தது கண்ணில் படுவதற்குள் துணி ஓடிவிடும், அந்த நீளம் டேமேஜில் போகும், கூலியில் பிடிப்பார்கள். புதுத் தறிகளில் இழைக்கு ஒரு தகடு தொங்கவிட்டு, இழை அறுந்தால் தகடு விழுந்து மின்சுற்று நிறுத்தும் ஏற்பாடு உண்டு. பழைய தறியில் ஆயிரக்கணக்கான இழைகளுக்கு அதை மாட்ட நேரமும் இல்லை, பணமும் இல்லை. மூத்தவர் பாவின்கீழ் ஓர் ஒளிக்கதிரை ஓட்டினார். அறுந்த இழை தொய்ந்து கதிரை மறைத்தால் தறி நிற்க வேண்டும். ஆய்வகத்தில் அழகாக வேலை செய்தது. தறிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தால் சற்று நேரத்தில் பஞ்சுத்தூசி லென்ஸை மூடியது. ஒன்றும் அறுந்துபோகாமலே தறி நின்று நின்று தறிக்காரர் கடுப்பாகிப் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

மாதக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டினார். விசிறி வைத்தார், மின்செலவும் இரைச்சலும் கூடின. தறிக்கூடத்தில் இரைச்சலைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை என்பது வேறு. கடைசியில் வழி சொன்னவர் எங்கள் ஆய்வக உதவியாளர். ஐடிஐ படித்தவர், அவர் வீட்டிலும் தறி ஓடியிருக்கிறது. "தறிதான் ஆடிக்கிட்டே இருக்குதுங்களே சார், அந்த ஆட்டத்துலயே ஒரு குட்டித் துருத்தி வெச்சா அதுவே ஊதிக்கும்ல?" என்றார். பழைய சைக்கிள் டியூபை வெட்டி லேத் அறையிலேயே ஒன்று செய்தும் காட்டினார். தறி ஒருமுறை முன்னும் பின்னும் போகும்போதெல்லாம் ஒரு வாய் காற்று லென்ஸின் மேல் விழும். தனி மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. அன்றைக்குப் பிறகு அந்தக் கருவி பொய்யாக நிற்கவில்லை.

விண்ணப்பம் போனது. பரிசோதகர் அறிக்கை வந்தபோது பதில் எழுத நானும் கூட உட்கார்ந்தேன். ஒளிக்கதிரால் இழை அறுந்ததைக் கண்டறிவது புதிதல்ல என்று பழைய வெளிநாட்டு ஆவணங்களை எடுத்துக் காட்டியிருந்தார். நியாயமான ஆட்சேபம்; மனிதர் படித்திருந்தார். இது எங்கள் கண்டுபிடிப்பு என்று உரிமை கோரும் கிளெய்ம்களை ஒவ்வொன்றாகக் கைவிட வேண்டி வந்தது. காணொளி விசாரணையும் நடந்தது. இறுதியில் அவரால் எதிலும் காட்ட முடியாமல் நின்ற ஒரே அம்சம், தறியின் அசைவிலிருந்தே இயங்கும் அந்தத் துருத்திதான். முதல் கிளெய்மே அதன்மேல்தான் நிற்கிறது. காப்புரிமை கிடைத்தது.

அந்தக் காப்புரிமையில் ஆய்வக உதவியாளரின் பெயர் இல்லை. மூத்தவர் எழுதிக் கொடுத்த வரைவில் இருந்தது. நம் ஆராய்ச்சிப் பிரிவு அதை அடித்துவிட்டது. "ஃபேக்கல்டி பேட்டன்ட் கணக்கில் ஆசிரியர் அல்லாதவர் வர முடியாது" என்று விளக்கம். காலியான இடத்தில் கருவியைக் கண்ணாலும் பார்க்காத புல முதன்மையர் (டீன்) ஒருவரின் பெயர் ஏறியது. மூத்தவர் சண்டை போட்டார், ஓய்வூதியக் கோப்பு நகராது என்று சாடையாகச் சொல்லப்பட்டது. கண்டுபிடிப்பாளர் பெயரைச் சேர்க்கக் கேட்பதென்றால் உரிமை வழங்கப்படும் முன்பே கேட்க வேண்டும் என்று சட்டத்தின் 28ஆம் பிரிவு சொல்கிறது. அந்தக் கெடு போய்விட்டது. வரும் விழாவில் புல முதன்மையருக்குப் பொன்னாடை. ஆய்வக உதவியாளர் அன்று மேடைக்கு நாற்காலி போடும் குழுவில் இருக்கிறார். பணி ஒதுக்கீட்டுப் பட்டியலை நான் பார்த்துவிட்டேன்.

இன்னொன்றும் உண்டு. இதைத் தாங்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை என்றே நம்புகிறேன். அந்தக் காப்புரிமை இன்று உயிரோடு இல்லை.

காப்புரிமைக்கு 20 ஆண்டு ஆயுள் என்பது கட்டணம் கட்டிவந்தால்தான். மூன்றாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை, கல்வி நிறுவனங்களுக்கு ஆண்டுக்கு 800 ரூபாய். ஐந்தாம் ஆண்டில் உரிமை வழங்கப்பட்டதால் மூன்று ஆண்டுக்குச் சேர்த்து 2,400 ரூபாய், பதிவேட்டில் ஏறிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கட்டியிருக்க வேண்டும். தாமதக் கட்டணத்தோடு இன்னும் ஆறு மாதம் நீட்டிக்கலாம். துறையிலிருந்து கோப்பு போனது. "இதனால் பல்கலைக்கழகத்துக்கு வருவாய் என்ன?" என்று நிதிப் பிரிவு ஒரு குறிப்பெழுதித் திருப்பியது. பதில் எழுதி மறுபடி அனுப்பினோம். ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போகும் வழியில் கோப்பு உட்கார்ந்துவிட்டது. கெடு முடிந்தது. இப்போது ஒரு கேடயத்துக்கு ஆகும் செலவில் அந்தக் கட்டணத்தைக் கட்டியிருக்கலாம்.

வருவாய் கேட்டவர்களுக்குச் சொல்ல ஒரு செய்தியும் இருந்தது. தறி உதிரிபாகம் செய்யும் பட்டறைக்காரர் ஒருவர் அந்தக் கருவியைச் செய்து விற்க உரிமம் கேட்டு எழுதியிருந்தார். எவ்வளவு தொகை, யார் கையெழுத்து, பங்கு யாருக்கு என்று நம்மிடம் ஒரு கொள்கையும் இல்லாததால் அந்தக் கடிதத்துக்கும் பதில் போகவில்லை. மாணவர், ஆசிரியர் கண்டுபிடிப்புகளுக்கும் தொழில்முனைவுக்குமான தேசியக் கொள்கையை மத்திய அரசு 2019இலேயே வெளியிட்டது. அதைத் தழுவி நாமும் ஒன்று எழுதிக்கொண்டிருக்கலாம். எழுதவில்லை.

ஆசிரியர்களின் கண்டுபிடிப்பைக் கௌரவிக்கவே கூடாது என்பது என் கட்சி அல்ல. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவனை நம்மில் பலருக்குத் தெரியும். ஏறத்தாழ 170 டிகிரிக்குச் சூடாக்கிய ஜல்லியின்மேல் துருவிய பிளாஸ்டிக் கழிவைப் போட்டால் அது உருகிக் கல்லைப் பூசிக்கொள்ளும்; அதன்மேல் தார் நன்றாகப் பிடிக்கும். கேட்க இவ்வளவுதான். அதற்குக் காப்புரிமை கிடைத்தது 2006இல். நாட்டுக்கு அதை இலவசமாகவே தந்தார். 2015இல் பெருநகரங்களை ஒட்டிய நெடுஞ்சாலைப் பணிகளில் பிளாஸ்டிக் கழிவைப் பயன்படுத்தச் சொல்லி மத்திய அரசு உத்தரவிட்டது. பத்மஸ்ரீ 2018இல் வந்தது. முதலில் காப்புரிமையும் சாலையும், அதற்கப்புறம்தான் விருது. ஓர் இணைவுக் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் இது நடந்திருக்கிறது, வசதியில்லை என்று நாம் சொல்லிக்கொள்வதற்கு.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்து இதய வால்வையும் நினைத்துப் பாருங்கள். அறுவை மருத்துவர் எம். எஸ். வலியத்தானும் பொறியாளர் ஜி. எஸ். புவனேஸ்வரும் குழுவாக உழைத்தது. முதல் மூன்று மாதிரிகளும் தோற்றன. நான்காவது மாதிரியைத்தான் 1990 டிசம்பரில் ஒரு மனிதருக்குப் பொருத்தினார்கள். அதற்குப் பிறகு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பொருத்தியாகிவிட்டது. ஆண்டுக்கு ஒன்று என்று மதிப்பீட்டுப் படிவம் அவர்களைத் துரத்தியிருந்தால் முதல் மாதிரிக்கே பேனர் கட்டிவிட்டு எழுந்து போயிருப்பார்கள்.

"தொடக்கத்திலேயே ஊக்கம் கொடுத்தால்தானே பிறகு பெரியதாகச் செய்வார்கள்?" என்று தங்கள் தரப்பில் கேட்கக்கூடும். சரிதான். விண்ணப்பம் போட்டவரை விண்ணப்பம் போட்டவர் என்றே மேடையில் சொல்லிப் பாராட்டுங்கள். யார் வேண்டாம் என்றார்கள்? இன்னும் நல்ல ஊக்கம், படிவம் 18க்கான பணத்தைப் பல்கலைக்கழகமே கட்டுவது. பரிசோதகர் அறிக்கைக்குப் பதில் எழுத வாரத்தில் ஒரு வகுப்பைக் குறைத்துக் கொடுப்பது. நல்ல காப்புரிமை முகவர் ஒருவரை ஒப்பந்தத்தில் வைத்துக்கொள்வது. இப்போதுள்ள முறை என்ன கற்றுக்கொடுக்கிறது என்பதை என் முனைவர் பட்ட மாணவி ஒருத்தி கேட்டாள்: "சார், நாம ரெண்டு வருஷமா அளந்துட்டு இருக்கோம். பக்கத்து லேப்ல மூணு வாரத்துல பேட்டன்ட் வாங்கிட்டாங்களே, நாம எதுல தப்புப் பண்றோம்?" அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அவளுடைய பெயர் விருதுப் பட்டியலிலும் வராது, மதிப்பீட்டுப் படிவத்திலும் வராது என்பதால், சொன்ன பதிலை அவள் நம்பினாளா என்று தெரியவில்லை.

சில தாள்களுக்குப் பின்னால் நேர்மையான உழைப்பும் இருக்கிறது. வேதியியல் துறையில் ஒன்று, உணவுத் தொழில்நுட்பத்தில் இரண்டு, அவை பரிசோதனைக்குப் போயிருக்கின்றன. வாங்கிய இடங்களோடு ஒரே பேனரில் அவற்றையும் போடுவதால் அவர்களுக்குத்தான் இழுக்கு. நாளை யாராவது ஒரு பத்திரிகையாளர் இந்தப் பட்டியலை எடுத்து எண்களைத் தேடினால் எல்லோரையும் ஒரே கூடையில் போட்டுத்தான் எழுதுவார்.

தங்களிடம் நான் கேட்பவை இவை.

விழாவுக்கு முன் பட்டியலைத் திருத்துங்கள். வழங்கப்பட்ட காப்புரிமை, பரிசோதனையில் உள்ள விண்ணப்பம், வெளியானது மட்டும், வடிவமைப்புப் பதிவு என்று தனித்தனியாக, ஒவ்வொன்றின் எதிரிலும் விண்ணப்ப எண்ணும் இன்றைய நிலையும் போட்டு நம் இணையதளத்தில் வெளியிடுங்கள். முதல் வகையைத் தவிர வேறெதற்கும் "காப்புரிமை பெற்ற" என்று எழுத வேண்டாம். பேனரை இறக்கிவிடுங்கள். என் பெயரை நீக்குங்கள்.

தறிக் கருவியின் காப்புரிமையை மீட்க உடனே படிவம் 15 தாக்கல் செய்யுங்கள். காலாவதியான நாளிலிருந்து 18 மாதம் வரை மீட்புக்கு மனுச் செய்யலாம் என்று 60ஆம் பிரிவு சொல்கிறது. இன்னும் சில மாதம் மிச்சம் இருக்கிறது. கட்டாமல் விட்டது வேண்டுமென்றே செய்ததல்ல என்று காட்டக் கோப்பின் பயணக் குறிப்புகளே போதும். அவற்றின் நகல் என்னிடம் உண்டு, தருகிறேன். மீட்டபின் பட்டறைக்காரரின் கடிதத்துக்குப் பதில் எழுதுங்கள்.

ஆய்வக உதவியாளரின் பங்கைப் பல்கலைக்கழகம் தன் பதிவேட்டில் எழுத்தில் ஏற்றுக்கொள்ள வேண்டும். புல முதன்மையரின் பெயர் எப்படி ஏறியது என்பதை ஆராய்ச்சிப் பிரிவைச் சேராத மூவர் குழு விசாரிக்க வேண்டும். ரொக்கப் பரிசு உண்டென்றால் அது மூத்தவருக்கும் உதவியாளருக்கும் சரிபாதி. 2024 திருத்தத்தில் கண்டுபிடிப்பாளருக்குக் காப்புரிமை அலுவலகமே தனிச் சான்றிதழ் வழங்கும் வசதி வந்திருக்கிறது, படிவம் 8ஏ. இனி நம்மிடமிருந்து போகும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் உண்மையில் வேலை செய்த மாணவரும் தொழில்நுட்பப் பணியாளரும் பெயர் பெற வேண்டும், உரிமை வழங்கப்பட்டதும் அவர்களுக்கு அந்தச் சான்றிதழைப் பல்கலைக்கழகச் செலவில் பெற்றுத்தர வேண்டும்.

மதிப்பீட்டுப் படிவத்திலிருந்து "குறைந்தது ஒன்று" என்ற வரியை இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் எடுங்கள். காசு கொடுத்து வாங்கிய இடங்களையும் பரிசோதனையில்லாத வெளிநாட்டுத் தாள்களையும் பதவி உயர்வுக்கு ஏற்பதில்லை என்று ஆட்சிக்குழு தீர்மானம் போடட்டும். ஏற்கெனவே வாங்கியவர்களைத் தண்டிக்க வேண்டாம். தாமாக முன்வந்து பெயரைத் திரும்பப் பெறுவோருக்கு மூன்று மாத அவகாசம் கொடுங்கள். அடகு வைத்தவர் உட்பட, பலர் முன்வருவார்கள்.

இந்த மடலின் பிரதியை என் பெயர், பதவியோடு தங்கள் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகையும் வாங்கியிருக்கிறேன். இங்கே பெயரை விட்டிருப்பது மூத்தவரையும் உதவியாளரையும் அடையாளம் காட்டிவிடக்கூடாது என்பதற்காக மட்டும். எழுத்துமூலமான பதிலை விழா நாளுக்கு முன் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
கருவியியல் துறை ஆசிரியர்